வெப்பத்தை வெல்லும் உலோகங்கள்

கொல்லன் உலைக்களத்தில் இரும்புத் துண்டு ஒன்று காய்கின்றது. குளிர்ந்திருந்தபோது சம்மட்டி அடிக்கும் அசையாதிருந்த அத்துண்டு, செந்நிறம் ஏறியவுடன் சிற்றடிக்கும் இணங்கி வளைகின்றது. ஏரின் கொழுவும், கதிர் அரிவாளும், வண்டிச் சக்கரத்தின் பட்டையும் இவ்வாறு உருப்பெற்றவையே. வெப்பம் உலோகத்தை இளக்கும் என்னும் உண்மையை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்து, அதனைத் தம் தொழிலுக்குத் துணையாகக் கொண்டனர்.

ஆயின், தொழிலுக்குத் துணையான அப்பண்பே பொறிகளுக்குப் பகையாக முடிவதும் உண்டு. வானூர்தியின் ஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதனுள் எரிபொருள் எரிந்து எழும் வளி, டர்பைன் என்னும் சக்கரத்தின்மேல் பாய்ந்து அதனைச் சுழற்றுகின்றது. அச்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும், உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறிய உலோக அலகுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. இக்காலப் பெரிய எஞ்சின்களில் அவற்றின்மேல் மோதும் வளியின் வெப்பம் 1,500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. அலகுகளின் முதன்மைப் பொருளாகிய நிக்கலோ 1,455 டிகிரியிலேயே உருகிவிடும் இயல்பினது. மேலும், சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 முறை சுழல்வதால், ஒவ்வோர் அலகையும் பல டன் விசை வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றது.

இந்நிலையில் அலகு மயிரிழை அளவினும் மிகுதியாக நீண்டால் சுற்றியுள்ள உறையில் உராயும். முறிந்தால் எஞ்சினே சிதையும். வானில் செல்லும் நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் இச்சிறு உலோகத் துண்டுகளின் உறுதியைப் பொறுத்துள்ளது. உலைக்களத்தில் இளகும் உலோகம், அதனினும் கொடிய இத்தீயில் இளகாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை உலோகத்தின் உள்ளே, அதன் அணுக்கள் அமைந்துள்ள முறையிலும், அவ்வமைப்பில் நேரும் சிறு குறைகளிலும் அடங்கியுள்ளது.

அணுக்களின் அணிவகுப்பு

உப்பும் கற்கண்டும் படிகங்கள் என்பதை யாவரும் அறிவர். அவை பட்டை தீர்ந்த உருவுடன் கண்ணுக்கே புலப்படுகின்றன. உலோகங்களும் படிகங்களே என்பது அவ்வளவு எளிதில் விளங்குவதன்று. துத்தநாகம் பூசிய புதிய வாளியை உற்று நோக்கினால் அதன் மேற்புறத்தில் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். அத்திட்டு ஒவ்வொன்றும் துத்தநாகத்தின் தனித்தனிப் படிகமே ஆகும். பிற உலோகங்களில் இப்படிகங்கள் மிக நுண்ணியவை; மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியால் காணத்தக்கவை. இவற்றைப் படிக மணிகள் என்றும், இரண்டு மணிகள் சந்திக்கும் இடத்தை மணி எல்லை என்றும் கூறுவர்.

ஒரு மணியினுள் அணுக்கள் படைவீரர் போல வரிசை தவறாது அடுக்கப்பட்டுள்ளன. 1912-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லாவே என்பாரின் கருத்தைத் தொடர்ந்து, எக்ஸ்-கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராயும் முறை தோன்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிராக் என்னும் தந்தையும் மகனும் அம்முறையை வளர்த்து, அணுக்களின் அடுக்கை அளந்து காட்டினர். நிக்கலில் ஒரு கன சதுரத்தின் எட்டு மூலைகளிலும், ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமர்ந்துள்ளன. அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு மிகச் சிறிது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் அணுக்கள் வரிசையாக நிற்கும்.

கணக்கும் காட்சியும்

அணுக்களின் அடுக்கு தெரிந்தபின், உலோகம் எவ்வளவு வலிமையுடையதாய் இருத்தல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக் காண அறிஞர் முயன்றனர். ஓர் அணுத் தளம் அடுத்த தளத்தின்மேல் ஒருங்கே வழுக்கிச் செல்வதற்குத் தேவையான விசையை ரஷ்ய அறிஞர் பிரெங்கல் 1926-இல் கணித்தார். கணக்கில் கிடைத்த வலிமை மிகப் பெரிது. தூய உலோகப் படிகங்களோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த விசைக்கே வளைந்து கொடுத்தன. கணக்குப் பிழையா, அன்றி உலோகத்தின் அமைப்பிலே யாரும் அறியாத குறை உளதா என்னும் ஐயம் எழுந்தது.

1934-இல் மூவர் இதற்கு விடை கண்டனர். இங்கிலாந்தில் டெய்லர், அங்கேரி நாட்டினரான ஓரோவான், அந்நாட்டிற் பிறந்த மற்றோர் அறிஞராகிய பொலானி ஆகிய இம்மூவரும், ஒருவர் கூறியதை மற்றவர் பின்பற்றாமல் தனித்தனியே ஒரே முடிவிற்கு வந்தனர். அணுத் தளம் முழுவதும் ஒரே கணத்தில் வழுக்குவதில்லை. சிறிது சிறிதாகவே வழுக்குகின்றது என்பதே அம்முடிவு.

பெரிய கூடத்தில் விரித்துள்ள கனத்த ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும் எனக் கொள்வோம். ஒரு முனையைப் பற்றி இழுத்தால் அது எளிதில் அசையாது. ஆனால், ஒரு முனையில் சிறு மடிப்பொன்றை உண்டாக்கி, அம்மடிப்பை மறுமுனை வரையில் காலால் தள்ளிக்கொண்டு போனால், ஒரு சிறுவனும் ஜமக்காளத்தை நகர்த்திவிடுவான். படிகத்தினுள்ளும் இத்தகைய மடிப்பு உண்டு. அணுத் தளங்களுள் ஒன்று முழுதும் செல்லாமல் இடையில் முடிந்துவிடுமாயின், அது முடியும் இடம் ஒரு கோடாக அமைகின்றது. அக்கோட்டின் இருமருங்கிலும் அணுக்களின் வரிசை பிறழ்ந்து கிடக்கும். இதனையே பிறழ்ச்சிக் கோடு என்பர். ஆங்கிலத்தில் டிஸ்லொக்கேஷன் என்று வழங்குவதும் இதுவே. இக்கோடு ஓரணு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எளிதில் தாவும். அது படிகத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சென்று சேர்ந்தால் படிகத்தின் மேற்பகுதி ஓரணு அளவு நகர்ந்துவிடும். கோடிக்கணக்கான கோடுகள் இவ்வாறு நகர்வதனாலேயே உலோகம் வளைகின்றது.

மூவரும் கூறிய இக்குறையை அன்று எவரும் கண்ணாற் கண்டதில்லை. 1947-இல் இளைய பிராக்கும் நை என்பவரும் ஒரே அளவினவான சோப்புக் குமிழிகளை நீரின்மேல் மிதக்கவிட்டனர். அக்குமிழிகள் அணுக்களைப் போலவே அடுக்கடுக்காக அமைந்தன; அவற்றிடையே மணி எல்லைகளும் பிறழ்ச்சிகளும் தாமாகவே தோன்றி ஓடின. 1952-இல் ஹெரிங், கால்ட் என்னும் இருவர், வெள்ளீயத்தின்மேல் முளைக்கும் மயிர் போன்ற நுண்ணிய இழைகளைச் சோதித்தனர். ஏறத்தாழக் குறையே இல்லாத அவ்விழைகள், கணக்கில் வந்த பெருவலிமையை நெருங்கி நின்றன. ஈற்றில் 1956-இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நோக்கியபோது, பிறழ்ச்சிக் கோடுகள் நகர்ந்து செல்வதை நேரிற் கண்டனர். அறிவினால் கண்டது இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் கண்ணுக்கும் புலனாயிற்று.

குறையும் வலிமையும்

பிறழ்ச்சிக் கோடே உலோகத்தின் தளர்ச்சிக்குக் காரணம் எனின், அதனை முற்றும் நீக்கிவிடலாகாதோ என்று கேட்கத் தோன்றும். பெரிய உலோகத் துண்டில் அஃது இயலாது. நன்கு காய்ச்சி மெல்ல ஆறவிட்ட உலோகத்திலுங்கூட, ஒரு கன சென்டிமீட்டருக்குள் உள்ள பிறழ்ச்சிக் கோடுகளை இணைத்து நீட்டினால் அவை பல கிலோமீட்டர் நீளும். அன்றியும், அக்கோடுகள் நகராவிடில் உலோகம் வளையாது. அடி பட்டவுடன் கண்ணாடியைப் போல உடைந்துபோகும். தட்டித் தகடாக்குவதும், இழுத்துக் கம்பியாக்குவதும் பிறழ்ச்சிக் கோடுகள் தரும் பயனே ஆகும்.

எனவே கோடுகளை நீக்குவதைவிட, அவற்றின் ஓட்டத்தைத் தடுப்பதே தக்க வழி. ஒரு குறையைத் தடுக்க மற்றொரு குறையே உதவுகின்றது. செம்புக் கம்பியை இருமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முன்னினும் விறைப்பாவதைக் காணலாம். வளைக்க வளைக்கப் புதிய பிறழ்ச்சிக் கோடுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். அடித்து இறுகிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள கோடுகள் பல இலட்சம் கிலோமீட்டர் நீளத்தை எட்டும். செம்புக் குடம் தட்டும் கன்னார் தம் வேலையின் இடையிடையே குடத்தை நெருப்பிலிட்டுக் காய்ச்சுவர். அவ்வெப்பத்தில் சிக்கல் அவிழ்ந்து, செம்பு மீண்டும் தட்டுதற்கு இணங்குகின்றது.

வேறு உலோகத்தின் அணுக்களைக் கலப்பதும் ஒரு தடையே. பெரிய அணுவொன்று சிறிய அணுக்களிடையே அமர்ந்தால் சுற்றியுள்ள வரிசை நெளியும். அந்நெளிவைக் கடப்பது பிறழ்ச்சிக் கோட்டிற்கு அரிது. செம்பினும் பித்தளை வலியது. பித்தளைக்குத் துத்தநாகம் தரும் வலிமை இத்தகையது. மணி எல்லைகளும் தடைகளே. ஒரு மணியில் ஓடிவரும் கோடு, அணு வரிசையின் திசை மாறியுள்ள அடுத்த மணிக்குள் நேரே நுழைதல் இயலாது. ஆதலால், மணிகள் சிறுத்திருக்குமளவிற்கு உலோகம் வலிமை பெறும். இவையெல்லாம் குளிர்ந்த உலோகத்தின் இயல்பாகும். வெப்பம் ஏறினால் நிலைமை மாறிவிடுகின்றது.

ஊர்தல் என்னும் நோய்

சுமையைத் தாங்கி அசையாது நிற்பதுபோல் தோன்றும் உலோகம், வெப்பத்தில் நாளடைவில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே செல்லும். இதனை ஊர்தல் என்பர். இங்கிலாந்தின் ஆண்ட்ரேடு என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து 1910-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஈயக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டபோது, அது முதலில் விரைந்து நீண்டது. பின்னர் வேகம் தணிந்து, ஒரே சீராக நீண்டுகொண்டே இருந்தது.

ஈயத்தை அவர் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. பொதுவாக, ஓர் உலோகத்தின் வெப்பம் அதன் உருகுநிலையில் பாதியை அணுகும்போது ஊர்தல் தலைகாட்டத் தொடங்கும். இங்கே வெப்பத்தை நீர் உறையும் நிலையிலிருந்து எண்ணாமல், அதனினும் 273 டிகிரி கீழே உள்ள தனிச் சுழியிலிருந்து எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணினால் ஈயம் உருகுவது 600 டிகிரி. அறையின் வெப்பம் 300 டிகிரி. ஆகவே, ஈயத்திற்கு அறையே பாதி உலைக்களமாகும். ஐரோப்பாவின் பழைய கோயில்களில் கூரையாக வேய்ந்த ஈயத் தகடுகள், தம் எடையாலேயே நூற்றாண்டுக் கணக்கில் மெல்லச் சரிந்து வந்துள்ளன. இக்கணக்கின்படி நிக்கலுக்கு ஊர்தல் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 590 டிகிரி சென்டிகிரேடு ஆகும். டர்பைன் அலகுகளோ 1,000 டிகிரியையும் கடந்த வெப்பத்தில் பணிபுரிய வேண்டியவை.

வெப்பம் திறக்கும் வழி

குளிரில் பிறழ்ச்சிக் கோட்டை மறித்து நின்ற தடை, வெப்பத்தில் அதனை மறிக்க இயலாமற் போவது ஏன்? படிகத்தில் மற்றொரு வகைக் குறையும் உண்டு. அணு அமரவேண்டிய இடம் சிற்சில வேளைகளில் அணுவின்றி ஒழிந்து கிடக்கும். அதனை ஒழிவிடம் என்று கூறலாம். அறையின் வெப்பத்தில் செம்பின் கோடி கோடி இடங்களில் ஒன்றுகூட இயல்பாக ஒழிந்திராது. வெப்பம் உயர உயர அணுக்களின் துடிப்பு மிகுந்து ஒழிவிடங்கள் பெருகுகின்றன. உருகுநிலையை அணுகும்போது பத்தாயிரம் இடங்களுக்கு ஓரிரண்டு ஒழிவிடங்கள் உண்டாகின்றன.

இத்தொகை சிறிதாகத் தோன்றலாம். அதன் விளைவு பெரிது. நெருக்கமாக அமர்ந்துள்ள அவையில் ஓர் இருக்கை காலியானால், பக்கத்தில் இருப்பவர் அதற்கு நகர்வார். அவர் விட்ட இடத்திற்கு அடுத்தவர் வருவார். இவ்வாறு அவை முழுவதிலும் இடமாற்றம் நிகழலாம். ஒழிவிடங்கள் வாயிலாக அணுக்களும் அவ்வாறே இடம்பெயர்கின்றன. தடைபட்டு நிற்கும் பிறழ்ச்சிக் கோட்டின் விளிம்பிற்கு ஒழிவிடங்கள் வந்து சேர்ந்தால், அவ்விளிம்பிலுள்ள அணுக்கள் அவற்றிற்குப் பெயர்ந்து செல்லும். கோடு ஒரு தளம் மேலே ஏறிவிடும். இவ்வாறு படிப்படியாக ஏறித் தடையைத் தாண்டி அது மீண்டும் ஓடத் தொடங்குகின்றது. குளிரில் சுவராக நின்றது வெப்பத்தில் ஏணி சாத்திய சுவராகி விடுகின்றது.

மணி எல்லைகளின் நிலையும் தலைகீழாகின்றது. எல்லைகளில் அணுக்கள் நெருக்கமின்றி அமைந்துள்ளமையால் அவை அணுக்கள் விரைந்து செல்லும் பாதைகளாகி விடுகின்றன. ஒரு மணி அடுத்த மணியின்மேல் வழுக்குகின்றது. இழுக்கும் விசைக்குக் குறுக்காக அமைந்த எல்லைகளில் நுண்ணிய புழைகள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து வெடிப்பாகின்றன. பிறழ்ச்சிக் கோடுகளின் உதவியின்றியே, அணுக்கள் ஒரு முகத்திலிருந்து மறு முகத்திற்குப் பெயர்ந்து மணியை நீளச் செய்யும் என்பதை நபாரோ 1948-இலும், ஹெரிங் 1950-இலும் எடுத்துக்காட்டினர். மணிகள் சிறுத்திருந்தால் இத்தீங்கு பெருகும். குளிரில் நட்பாக நின்ற மணி எல்லை வெப்பத்தில் பகையாக மாறுகின்றது.

நிக்கல் கலப்புலோகத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் வானூர்திப் படையைச் சேர்ந்த பிராங்க் விட்டில் என்னும் இளைஞர், ஜெட் எஞ்சினுக்கு 1930-இல் காப்புரிமை வேண்டினார். அவர் அமைத்த எஞ்சின் 1937 ஏப்ரல் 12-ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. ஜெர்மனியில் ஓகைன் என்பவர் அமைத்த எஞ்சினுடன் 1939-இலும், விட்டிலின் எஞ்சினுடன் 1941-இலும் வானூர்திகள் பறந்தன. பறத்தல் இயலும் என்பது தெளிவாயிற்று. ஆனால் எத்துணை மணி நேரம் அலகுகள் தாங்கும் என்பதே கவலையாயிற்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியருக்கு நிக்கல் போன்ற உலோகங்கள் அரிதாயின. அவற்றை மிகக் குறைவாகச் சேர்த்துச் செய்த அவர்களுடைய ஜெட் எஞ்சின்கள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரமே உழைத்தன. எஞ்சினின் வாழ்நாள் உலோகத்தின் வாழ்நாளே என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இங்கிலாந்தின் அறிஞர் மற்றொரு வழியிற் சென்றனர். நிக்கல் நான்கு பங்கும் குரோமியம் ஒரு பங்கும் கலந்த நிக்குரோம் கம்பி, சலவைப் பெட்டியினுள் செந்தணலாய்க் காய்ந்தும் துருவேறாதது. அக்கலவையுடன் சிறிது டைட்டேனியமும் அலுமினியமும் சேர்த்து, நிமோனிக் என்னும் கலப்புலோக வகையைப் போர்க்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் ஆக்கினர். சிறிதளவே சேர்த்த அப்பொருள்கள் ஊர்தலைப் பெரிதும் அடக்கின. அதற்குரிய காரணத்தைக் காட்டுதற்கு அன்றைய ஒளி நுண்ணோக்கிகள் போதவில்லை. பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது உண்மை விளங்கிற்று. நிக்கல் படிகத்தினுள், நிக்கல் அணு மூன்றுக்கு அலுமினிய அணு ஒன்று என்னும் ஒழுங்குடைய மிக நுண்ணிய துகள்கள் நிறைந்திருந்தன. சுற்றியுள்ள நிக்கலின் அடுக்கும் இத்துகள்களின் அடுக்கும் ஏறத்தாழ ஒரே அளவின. எனவே, துகள்கள் அயலாக ஒட்டிக்கொண்டிராமல், ஒரே நெசவில் பின்னிய பூவேலை போல இயைந்திருந்தன.

இத்துகள்களே பிறழ்ச்சிக் கோடுகளுக்குச் சிறந்த தடை. துகளுக்குள் நிக்கலும் அலுமினியமும் தத்தமக்குரிய இடங்களில் அமர்ந்துள்ளன. அதனுள் ஒரு கோடு நுழைந்தால் அவ்வொழுங்கு கலையும். கலைப்பதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். அதனைத் தொடர்ந்து இரண்டாவது கோடு ஒன்று சென்றாலன்றி ஒழுங்கு திரும்பாது. ஆகவே, கோடுகள் இருவர் இருவராகக் கைகோத்தே இத்துகளைக் கடத்தல் வேண்டும்.

சூடேறினால் வலுக்கும் விந்தை

இத்துகள்களிடத்தில் மற்றொரு விந்தை உண்டு. பொதுவாக உலோகங்கள் சூடேற ஏற வலிமை குன்றும். இந்நிக்கல் அலுமினியச் சேர்மமோ, வெப்பம் ஏறத்தாழ 700 அல்லது 800 டிகிரி ஆகும்வரை வலிமை மிகுந்துகொண்டே செல்கின்றது. வெஸ்ட்புரூக் என்பவர் 1957-இல் இதன் கடினத் தன்மையை அளந்து இவ்வியல்பை வெளிப்படுத்தினார். 1962-இல் கியர், வில்ஸ்டார்ப் என்னும் இருவர் அதற்குக் காரணம் கூறினர். வெப்பத்தின் தூண்டுதலால் இரட்டைக் கோடுகளில் முன் செல்வது தான் ஓடும் தளத்தை விட்டு வேறொரு தளத்திற்குத் தாவுகின்றது. அத்தளத்தில் அதற்கு எளிய ஓட்டம் இல்லை. முன்னே செல்ல இயலாமலும் பின்னே திரும்ப இயலாமலும் அது பூட்டுண்டு நிற்கின்றது. தடையைத் தாண்டத் துணைசெய்த அதே வெப்பம் இங்கே தானே பூட்டாகின்றது.

இவ்வுண்மையை அறிந்தபின் துகள்களின் அளவைக் கலப்புலோகத்தில் மேன்மேலும் பெருக்கினர். இக்காலத்துச் சிறந்த டர்பைன் அலகுகளில் மூன்றில் இரண்டு பங்கு இத்துகள்களே ஆகும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் அகலமுடைய சிறு கன சதுரம். செங்கற்களை நெருங்க அடுக்கி, இடையில் மெல்லிய சாந்து பூசிய சுவரைப்போல அவை காட்சியளிக்கின்றன. பிறழ்ச்சிக் கோடுகள் அம்மெல்லிய சாந்தின் வழியே நெருக்குண்டு ஊர்ந்து செல்லவேண்டியுள்ளது. மேலும், ரீனியம் என்னும் அரிய உலோகத்தைச் சிறிது சேர்ப்பர். கனத்த அவ்வணுக்கள் எளிதில் இடம்பெயரா. அவை உள்ள இடத்தில் மற்றவற்றின் பெயர்ச்சியும் தளர்கின்றது. இதனால் ஒழிவிடங்களின் தீச்செயல் அடங்குகின்றது.

எல்லையில்லாப் படிகம்

எஞ்சி நின்ற பகை மணி எல்லையே. அதனை ஒழிக்கும் முயற்சி 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் வெர்ஸ்னைடர் முதலிய அறிஞரால் மேற்கொள்ளப்பட்டது. குறுக்கான எல்லைகளே தீங்கு விளைப்பதால், மணிகள் அனைத்தையும் அலகின் நீளவாக்கில் தூண்களைப் போல வளரச் செய்தனர். பின்னர், எல்லையே இல்லாதபடி அலகு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கும் முறையையும் கண்டனர்.

அவ்வார்ப்பு முறை அறிந்து மகிழத்தக்கது. முதலில் அலகின் உருவை மெழுகால் செய்வர். அதன்மேல் சுட்டால் இறுகும் சுதைமண் குழம்பைப் பலமுறை பூசி உலர்த்துவர். சூடேற்றியவுடன் மெழுகு உருகி வெளியேற, உள்ளே வெற்றுருவம் நிற்கும். சுவாமிமலைச் சிற்பியர் ஐம்பொன் திருவுருவங்களை வார்ப்பதும் மெழுகு கொண்டே அன்றோ! அடிப்படை ஒன்றே, அதன்மேல் செய்யப்படும் ஏற்பாடுகளே வேறு. அச்சினை நீரால் குளிரூட்டப்பட்ட செம்புத் தட்டின்மேல் நிறுத்தி, உருகிய கலப்புலோகத்தை ஊற்றி, உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்குவர். அடியில் பல மணிகள் தோன்றி, மேல்நோக்கி வளரத் தொடங்கும். அச்சின் கீழ்ப்பகுதியில் பன்றிவால் போலச் சுருண்ட குறுகிய வழி ஒன்று அமைந்திருக்கும். போட்டியிட்டு வரும் மணிகளுள் ஒன்றே அதன் வழியாக நுழைந்து மேலேறும். மற்றவை தடைபட்டு நின்றுவிடும். அவ்வொரு மணியே வளர்ந்து அலகு முழுவதையும் நிறைத்துவிடுகின்றது. வார்த்து முடிந்த அலகுகளை எக்ஸ்-கதிர் முதலியவற்றால் சோதித்து, அயல் மணி ஏதேனும் புகுந்திருந்தால் அவ்வலகை ஒதுக்கிவிடுவர்.

இத்தகைய அலகுகளையுடைய எஞ்சின்கள் 1982-இல் பயணிகள் வானூர்திகளில் பணியேற்றன. எல்லைகளை இறுக்குவதற்காக முன்பு சேர்த்த கரி, போரான் போன்ற பொருள்கள் தேவையற்றவை ஆயின. அவற்றை விலக்கியதால் கலப்புலோகம் இளகத் தொடங்கும் வெப்பமும் உயர்ந்தது. அலகினுள் நுண்ணிய குழாய்கள் அமைத்துக் காற்றைச் செலுத்தியும், மேற்புறத்தில் சிர்க்கோனியப் பூச்சு பூசியும் உலோகத்தின் வெப்பத்தைத் தணிக்கின்றனர். அதனாலேயே, தான் உருகும் வெப்பத்தினும் மிக்க தீவளியில் அலகு நின்று உழைக்க இயல்கின்றது. இந்தியாவிலும் ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆய்வுக்கூடத்தினர் இவ்வரிய கலையைக் கைவரப்பெற்று, ஹெலிகாப்டர் எஞ்சினுக்கென ஒற்றைப் படிக அலகுகள் அறுபதை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திற்கு வழங்கினர். இச்செய்தி 2021 ஏப்ரலில் வெளியாயிற்று.

முடிவுரை

ஒற்றைப் படிகமும் முற்றிலும் குறையற்றதன்று. அதனுள்ளும் பிறழ்ச்சிக் கோடுகள் உண்டு, ஒழிவிடங்களும் உண்டு. நாள்தோறும் அவை மிக மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கின்றன. ஆகையால்தான் ஒவ்வோர் அலகிற்கும் வாழ்நாளை வரையறுத்து, அது முடியும் முன்னரே அதனை மாற்றிவிடுகின்றனர். குறையே இல்லாத உலோகத்தைத் தேடி அறிஞர் காலம் போக்கவில்லை. எக்குறை எவ்வெப்பத்தில் என்ன செய்யும் என்பதை ஆராய்ந்து, ஒரு குறையைக் கொண்டு மற்றொரு குறையைத் தடுத்தனர். உதவாத குறையை நீக்கினர். நீக்க இயலாததைக் கண்காணித்தனர். ஈயக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, அது நீளும் அளவைப் பொறுமையுடன் குறித்துவந்த ஓர் ஆராய்ச்சியாளரின் உழைப்பும், கண்ணுக்குத் தெரியாத கோட்டினை அறிவால் உணர்ந்த மூவரின் நுண்மதியும், இன்று வானில் அமைதியாகப் பயணம் செய்வோர்க்கு அரணாக நிற்கின்றன.

வினாக்கள்

1. உலோகங்களும் படிகங்களே என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பிரெங்கலின் கணக்கிற்கும் உலோகத்தின் உண்மை வலிமைக்கும் இடையே இருந்த வேறுபாடு எவ்வாறு விளக்கம் பெற்றது?
3. ஈயக் கூரை அறையின் வெப்பத்திலேயே சரிவதற்குக் காரணம் யாது?
4. மணி எல்லை குளிரில் நட்பாகவும் வெப்பத்தில் பகையாகவும் அமைவது எவ்வாறு?
5. ஒற்றைப் படிக அலகு வார்க்கப்படும் முறையை ஒரு பத்தியில் எழுதுக.